சுண்ணாம்பு வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு குழி வெட்டிப் பாருங்க

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில சொல்லிடுறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. காரைக்குடிக்குப் பக்கத்துல உங்களுக்குப் பூர்வீக நிலம் 5 ஏக்கர் இருக்கு. மேட்டுப்பக்கம் செம்புறாங்கல் சரளை, அதுல ஊசிப்புல்லைத் தவிர ஒண்ணும் பெருசா வர்றதில்லை. பள்ளத்துப்பக்கம் கண்மாயை ஒட்டினாப்ல கோரை மண்டிக்கிடக்கு. ஆடு வளர்க்கணும்னு ஆசை. ஸ்காட்லாந்து மலையில சுண்ணாம்பு தூவி புல்லையே மாத்துனதை வீடியோவுல பார்த்தீங்க, கொடைக்கானல் மேல்மலையில மாடு வச்சிருந்த உங்க சித்தப்பாவும் "புளிச்ச மண்ணுக்கு சுண்ணாம்புதான்"னு சொல்லிட்டார், அதனால ஒரு லோடு இறக்கி மேடு பள்ளம் ரெண்டுக்கும் அடிச்சுடலாமான்னு கேக்குறீங்க. வெளியில தெரியுற கேள்வி சுண்ணாம்பு. ஆனா உள்ள இருக்கிற கேள்வி வேற, எந்தப் புல்லு எங்க வரணும்னு முடிவு பண்றது மண்ணோட புளிப்பா, மண்ணுக்குள்ள போற காத்தா? மலையில சரியா இருக்கிற கணக்கு நம்ம செட்டிநாட்டுப் பொட்டலுக்கும் சரியா வருமா? இதுக்குப் பதில் கிடைச்சா சுண்ணாம்புக்குப் பதில் தானா வந்துடும்.

நான் மண் பரிசோதனை வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருந்தவன், அதுல சில வருஷம் நீலகிரியில, மீதி பெரும்பாலும் சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம். சொந்த ஊர் பள்ளத்தூர் பக்கம்தான், அதனால நீங்க சொல்ற மேடும் பள்ளமும் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா உங்க நிலத்தை நான் பார்க்கலை, உங்க மண்ணைக் கையில எடுத்து உருட்டிப் பார்க்கலை, அதனால எது பொதுவா உறுதியா சொல்லக்கூடியது, எது உங்க நிலத்துல போய்ப் பார்த்தாத்தான் சொல்லமுடியும்னு பிரிச்சுப் பிரிச்சு சொல்லிட்டு வர்றேன்.

மலை மண் ஏன் புளிக்குது? மழைதான் காரணம். மேற்கு ஸ்காட்லாந்து மலைகள்ல வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல மழை, குளிரு வேற, ஆவியாகிப் போறது கம்மி, அதனால தண்ணி எப்பவும் மண்ணைத் துளைச்சுக்கிட்டு கீழ இறங்கிட்டே இருக்கும், இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டுப் போயிடும், அந்த எடத்துல ஹைட்ரஜனும் அலுமினியமும் வந்து உக்காந்துக்கும். இதைத்தான் பிஹெச் கம்மின்னு சொல்றோம். பிஹெச்ல ஒரு நம்பர் இறங்குனா புளிப்பு பத்து மடங்கு ஏறுதுன்னு அர்த்தம், 7ல இருந்து 5க்கு வந்தா நூறு மடங்கு. 5.5க்குக் கீழ போகப்போக அலுமினியம் கரைய ஆரம்பிக்கும், 5க்குக் கீழ போயிட்டா பல பயிருக்கு வேர்நுனி கருகி, குட்டையா தடிச்சுப்போய் நின்னுடும். பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வச்சுக்கும். பயறுவகைச் செடியோட வேர்முடிச்சு சரியா பிடிக்காது. இது எல்லாம் சந்தேகமே இல்லாத விஷயம்.

காத்து கணக்கு வேற. வேரும் மூச்சு விடுது, மண்ணுல இருக்கிற நுண்ணுயிரும் மூச்சு விடுது. மண்ணு இடுக்குல காத்து இருக்கிறவரைக்கும் ஆக்சிஜன் வந்துக்கிட்டே இருக்கும். அந்த இடுக்குல தண்ணி நிரம்பிடுச்சுன்னா கதை முடிஞ்சது, ஏன்னா ஆக்சிஜன் காத்துல பரவுறதைவிட தண்ணிக்குள்ள ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் பரவும். நம்ம ஊரு வெக்கையில தண்ணி நின்ன மண்ணுல ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆக்சிஜன் தீர்ந்துடும். அப்புறம் நுண்ணுயிர் மூச்சுக்கு வேற பொருளைத் தேடும், முதல்ல நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அடுத்து இரும்பு, அப்புறம் சல்பேட், கடைசியில மீத்தேன் வாயு. இரும்போட முறை வரும்போது சிவப்பு மண் சாம்பல் நிறமாகும், சல்பேட்டோட முறை வரும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். கண்மாய்ச் சேத்துல கால் வச்சப்போ குமிழி வந்து நாறுதே, அந்த வாடைதான்.

இப்ப அந்த வீடியோ மலைக்கே போவோம். ஒரே மலை, ஒரே பாறை, ஒரே மழை, ஆனா சரிவுல ஏறி நடந்தா புல்லு நாலு தடவை மாறும். தண்ணி நல்லா வடியுற செங்குத்துச் சரிவுல பென்ட், ஃபெஸ்க்யூன்னு மெல்லிசான இனிப்புப் புல்லு, ஆடு விரும்பி மொட்டை அடிக்கிற புல்லு. ஆழமா நல்லா வடியுற மண்ணு எங்க இருக்கோ அங்க பிராக்கன்ங்கிற பெரணி புகுந்துடும், தண்ணி தேங்குனா அது நிக்காது. கொஞ்சம் சரிவு கம்மியாகி மேல கறுப்பா மக்காத சருகு படிஞ்ச எடத்துல நார்டஸ், நாணல் துடைப்பம் மாதிரி விறைப்பா கொத்துக்கொத்தா நிக்கும், ஆடு வாய்கூட வைக்காது. இன்னும் ஈரம், ஆனா தண்ணி தேங்காம மெதுவா நகர்ந்துக்கிட்டே இருந்தா மொலினியாங்கிற புல்லு. உச்சியில தட்டையா தண்ணி வடியவே வழியில்லாத எடத்துல ஆள் ஆழத்துக்கு பீட், அதாவது பாதி மக்குன செடிப் படிவம், படிஞ்சு பஞ்சுப்புல்லும் ஸ்பாக்னம் பாசியும். இந்த வரிசையில நார்டஸ், மொலினியா ரெண்டுமே புளிச்ச மண்ணுல நிக்கக்கூடியது, அப்ப ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் எங்க வருதுன்னு பார்த்தா தண்ணி நகருதா நிக்குதாங்கிறதுலதான் பெரும்பங்கு இருக்கு, ஓடுற தண்ணி ஆக்சிஜனையும் கொஞ்சம் சத்தையும் கொண்டாந்துக்கிட்டே இருக்கும். இந்த ஒரு விஷயம் விளங்கிட்டா மிச்சம் எல்லாம் விளங்கும், அதனாலதான் இவ்வளவு நேரம் இதுல நின்னேன்.

அப்ப காத்துதான் எஜமான், புளிப்பு எடுபிடின்னு சொல்லிடலாமான்னா அதுவும் முடியாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு வரும். காத்து இல்லாத எடத்துல சருகு மக்காது, மக்காத சருகுல இருந்து கரிம அமிலம் வரும், மண்ணு இன்னும் புளிக்கும். புளிச்சா மண்புழு செத்துப்போகும் இல்லைன்னா ஓடிப்போகும், மண்புழு இல்லைன்னா சருகை உள்ள இழுத்துட்டுப் போக ஆளில்லை, துளை போட ஆளில்லை, மேலேயே மெத்தை மாதிரி படிஞ்சு அது தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், காத்து இன்னும் குறையும். எது முதல்லன்னு மலையில நின்னுக்கிட்டு கேட்டா பதில் கிடைக்காது, ஏன்னா அங்க ரெண்டும் சேர்ந்தே மாறுது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னா புளிப்பை மட்டும் மாத்திப் பார்க்கிற ஒரு வயல் வேணும். அப்படி ஒரு வயல் இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்ங்கிற பயிர் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு, 1856ல லாஸும் கில்பர்ட்டும் ஆரம்பிச்சது, இன்னிக்கும் நடக்குது. ஒரே சமவெளிப் புல்தரை, பாத்தி பாத்தியா பிரிச்சு வேற வேற உரம். அம்மோனியம் சல்பேட் வருஷா வருஷம் போட்ட பாத்தி கடுமையா புளிச்சுப்போச்சு, டஜன் கணக்குல இருந்த செடி வகை போய் ஒண்ணு ரெண்டு புல்லு மட்டும் மிஞ்சுச்சு, மண்புழு போச்சு, மேல மக்காத மெத்தை படிஞ்சுபோச்சு. அதே பாத்தியில பாதிக்கு 1903ல இருந்து முறையா சுண்ணாம்பு போட்டாங்க, அந்தப் பாதியில மெத்தை இல்லை, செடி வகையும் கூட. அதனால புளிப்பு மட்டுமே தனியா ஒரு புல்தரையைக் கெடுக்கும், சுண்ணாம்பு அதைத் தடுக்கும்ங்கிறது நிரூபணம் ஆன விஷயம். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த வயல்ல தண்ணி தேங்குற பிரச்சனை கிடையாது. காத்து இருந்த எடத்துலதான் சுண்ணாம்பு வேலை செஞ்சுச்சு.

உங்க சித்தப்பா சொன்னதும் அனுபவத்துல வந்த வார்த்தைதான், ஒதுக்க வேண்டாம். நம்ம மேற்குமலை மண்ணும் மழையில கழுவுண்டு புளிச்ச மண்ணுதான். ஆனா அங்கயும் புளிப்பும் காத்தும் தனித்தனின்னு கண்ணால பார்க்கலாம். நீலகிரி தேயிலைத் தோட்டத்துல பிஹெச் 4.5, 5ன்னு இருக்கும், தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேணும், ஆனா அதே தேயிலை தண்ணி தேங்குன எடத்துல வேர் அழுகிச் செத்துடும். மண்ணு புளிப்பு, ஆனா கையில எடுத்தா பொலபொலன்னு உதிரும், இரும்பும், மக்குன சருகான மக்கும் சேர்ந்து அப்படிக் கட்டமைப்பு கொடுத்திருக்கு. அதே நீலகிரியில சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவுல பள்ளத்துல சதுப்பு இருக்கும், அங்க 20 ஆயிரம் வருஷத்துக்கும் முந்தின பீட் படிவம் கிடைச்சிருக்கு. தோடர் எருமை மேய்ஞ்ச புல்வெளி ஒரு பக்கம், கால் வச்சா புதையுற சதுப்பு ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல இருபது தப்படிதான் இருக்கும், ரெண்டுமே புளிச்ச மண்ணு. நான் அங்க வேலைக்குப் போன புதுசுல இதைப் பார்த்துட்டு நின்ன நிலை இன்னும் ஞாபகம் இருக்கு. மேல்மலையில ஆட்டு மேய்ச்சலைப் பத்தி இன்னும் விசாரிக்கணும்னா மன்னவனூர்ல மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையத்தோட தென்மண்டல மையம் இருக்கு, சித்தப்பாவுக்கே தெரிஞ்சிருக்கும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்க கணக்கு தலைகீழ். உங்க பள்ளத்து மண்ணுல காத்து இல்லை, ஆனா புளிப்பும் அனேகமா இல்லை. எப்படின்னா, நம்ம மண்ணுல இரும்பு அதிகம். தண்ணி நின்னு, நுண்ணுயிர் இரும்பை வச்சு மூச்சு விடும்போது அந்த வேதிவினை அமிலத்தைத் தின்னுடும். அதனால புளிச்ச செம்மண்ணுல தண்ணி கட்டி சில வாரம் விட்டா பிஹெச் தானா மேல ஏறி 6.5, 7 பக்கம் வந்து நிக்கும். பிலிப்பைன்ஸ்ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல இலங்கைக்காரரான பொன்னம்பெருமா இதை விலாவாரியா ஆராய்ஞ்சு சொன்னார், நெல் வயலுக்கு அதுதான் அடிப்படை. மலை பீட் ஏன் அப்படி ஏறலைன்னா அங்க இரும்பு கம்மி, மக்காத கரிமப்பொருளும் பாசியும்தான் எல்லாம், அமிலத்தைத் தின்ன ஆளில்லை. ஆக "தண்ணி நின்னா மண்ணு புளிக்கும்"ங்கிறது மலையில உண்மை, கண்மாயில உண்மை இல்லை.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்துல ஒருத்தர் கண்மாய் ஓரத்துப் பள்ளத்து மண்ணைக் கொண்டாந்தார். நாங்க வழக்கம்போல நிழல்ல காயவச்சு, இடிச்சு, சலிச்சு, பிஹெச் பார்த்தோம், 5.4ன்னு வந்துச்சு. சுண்ணாம்பு போடுங்கன்னு எழுதிக்கொடுத்தேன். அவர் காசு செலவு பண்ணி போட்டார், ரெண்டு வருஷம் ஆச்சு, கோரை ஒரு தண்டுகூட குறையலை. பின்னாடி போய் ஈர மண்ணுலயே பார்த்தா 6.7. காயவச்சப்போ காத்துப் பட்டு இரும்பு திரும்ப துருவாகி, அமிலம் வெளிய வந்து, நம்பர் இறங்கியிருக்கு. நான் பார்த்தது பரிசோதனைச் சாலை மண்ணோட புளிப்பு, கோரை நின்ன மண்ணோட புளிப்பு வேற. அவருக்கு அந்தச் செலவு பெரிய செலவு. அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு விரிவா சொல்றேன்.

மண்ணுக்குள்ள காத்து எவ்வளவுன்னு நேரா அளக்கவும் வழி இருக்கு. பிளாட்டினம் கம்பி ஒண்ணையும் ஒப்பீட்டு மின்முனை ஒண்ணையும் மண்ணுல சொருகி மில்லிவோல்ட் பார்க்கிறது. காத்தோட்டமான மண்ணு 400, 500ன்னு காட்டும், சேறு சைபருக்குக் கீழகூட போகும். இங்கிலாந்துல 1930கள்ல பியர்சால்ங்கிறவர் மலையிலயும் சதுப்புலயும் இதை அளந்து, ஏறக்குறைய 350 மில்லிவோல்ட்டுக்கு இந்தப்பக்கம் ஒருவகைச் செடியும் அந்தப்பக்கம் வேற வகையும் பிரியுறதைக் காட்டுனார். மின்வேதியியலுக்குன்னே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டுன செக்ரி ஆராய்ச்சி நிலையம் நம்ம காரைக்குடியிலயே இருக்கு, அதனால நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சமாச்சாரம் புதுசு இல்லை. ஆனா உங்களுக்கு அந்தக் கருவி எல்லாம் தேவைப்படாது. மம்பட்டி போதும்.

மேட்டுல ஒண்ணு, பள்ளத்துல ஒண்ணு, ஒன்றரை அடி ஆழம் குழி வெட்டுங்க. பள்ளத்துக் குழியில சுவரை கத்தியால சீவிட்டு நிறத்தைப் பாருங்க. சாம்பல் இல்லைன்னா நீலம் பாய்ஞ்ச சாம்பல் நிறம், அதுக்குள்ள ஆரஞ்சு திட்டு திட்டா இருந்தா தண்ணி ஏறி இறங்குது. ஒரு கோரை வேரை மண்ணோட பிட்டு எடுத்து வெயில்ல பிடிச்சுப் பாருங்க, வேரைச் சுத்தி மெல்லிசா துருக்குழாய் மாதிரி ஒரு உறை இருக்கும், நகத்தால சுரண்டுனா வந்துடும். அது என்னன்னா, இந்த மாதிரி ஈரத்துல வாழுற செடிக்குத் தண்டுக்குள்ள கடற்பஞ்சு மாதிரி காத்துக்குழாய் இருக்கு, சம்பங்கோரைத் தண்டைக் குறுக்க வெட்டுனா கண்ணுக்கே தெரியும், அது வழியா இலையில இருந்து காத்தை வேருக்கு இறக்குது, வேர்ல கசியுற ஆக்சிஜன் பட்டு பக்கத்துல கரைஞ்சிருக்கிற இரும்பு அங்கேயே துருப்பிடிச்சு உறையாகுது. அந்த உறையைப் பார்த்துட்டீங்கன்னா இந்த மண்ணுல காத்து இல்லை, செடிதான் தன் காத்தைத் தானே கொண்டாந்துக்குதுன்னு உங்க கண்ணே சொல்லிடும். இங்க சுண்ணாம்பு கொட்டுனா சுண்ணாம்பால காத்தைக் கொண்டுவர முடியாது. கோரை அப்படியேதான் நிக்கும்.

மேட்டுக் குழியில நிறம் பெரும்பாலும் மேல இருந்து கீழ வரைக்கும் சிவப்புதான் இருக்கும், கீழ செம்புறாங்கல் தட்டும். இந்தக் கல்லே காத்தும் தண்ணியும் மாறி மாறி இரும்பை நகர்த்தி வச்ச கல்லுதான், வெட்டும்போது இளகி, காத்து பட்டதும் இறுகிப்போகும். பிரான்சிஸ் புக்கனன் கேரளாவுல அங்காடிப்புரத்துல இதைப் பார்த்துட்டுத்தான், 1807ல வெளிவந்த தன் புத்தகத்துல செங்கல்லுங்கிற அர்த்தத்துல லேட்டரைட்னு பேரு வச்சார். இந்த மேட்டு மண்ணுலதான் உண்மையான புளிப்பு இருக்க வாய்ப்பு, நான் பார்த்த செட்டிநாட்டுச் சரளை மண்ணுல நிறைய 5க்கும் 6க்கும் நடுவுல. ஆனா புளிப்போட இன்னொண்ணும் இருக்கும். மழை அடிச்சு ஓஞ்சதும் மேல ஓடு கட்டும், பப்படம் மாதிரி பிட்டு எடுக்கலாம், விதை முளைக்கக் காத்தும் வழியும் விடாது. குழியில ஒரு குடம் தண்ணி ஊத்தி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க, மேலாப்ல சடக்குன்னு இறங்கி அடியில நின்னுபோச்சுன்னா அடியில இறுகின தட்டு இருக்கு. அப்ப வேர் முக்கால் அடிக்கு மேல போகாது, மார்கழி தாண்டி மழை நின்ன உடனே காயும். ஊசிப்புல்லு இதையெல்லாம் தாங்கும், அதான் அது மட்டும் நிக்குது. காய்ச்ச ஊசி ஆட்டு வாயையும் தோலையும் குத்தும், அதனால பூக்குறதுக்கு முன்ன இளசுல மேய்ச்சுடணும்.

சுண்ணாம்பு நம்ம மேட்டு மண்ணுல என்ன செய்யும்னு ஒரு எடத்துல பல வருஷமா பார்த்துட்டு வர்றேன். எங்க ஊர்ல பூட்டிக்கிடக்கிற ஒரு பெரிய வீட்டோட பின்கட்டு இடிஞ்சு விழுந்து காரையும் செங்கல்லுமா வெளிய குவிஞ்சு கெடக்கு. பழைய செட்டிநாட்டு வீட்டுக் காரைன்னா கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைச்சுப் பூசினது. ஒவ்வொரு மழைக்கும் அது கரைஞ்சு சரிவுல இறங்குது. குவியலோட அடியில அருகு அடர்த்தியா பாய் விரிச்ச மாதிரி இருக்கும், அதுக்குள்ள நரிப்பயறு கொடி பின்னிக்கிடக்கும், தெருவுல போற ஆடு எல்லாம் அங்கதான் வாய் வைக்கும். பத்து தப்படி தள்ளி அதே செம்மண்ணுல வெறும் ஊசிப்புல்லு. ஒரு நாள் ரெண்டு எடத்துலயும் மண்ணெடுத்துப் பார்த்தேன், குவியல் அடியில 7.8, தள்ளி 5.3. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா குவியல் அடி மண்ணு நுரைச்சுப் பொங்கும். இதைப் பார்த்துட்டு சுண்ணாம்புதான் காரணம்னு நான் முடிவு கட்டமாட்டேன். அங்க குவியலோட நிழல் விழுது, ஈரம் தங்குது, ஆட்டுப்புழுக்கை சேருது, வீட்டுக் குப்பையும் விழுந்திருக்கும். ஆனா நரிப்பயறு மாதிரி வேர்முடிச்சு கட்டுற செடி வந்திருக்குன்னா புளிப்பு குறைஞ்சதுக்கு அதுல பங்கு இருக்குன்னு நினைக்கிறேன். நீங்களும் காரை அள்ளிட்டு வரலாம்னு நினைச்சா சலிச்சு எடுங்க, ஆணியும் கண்ணாடிச் சில்லும் மாட்டு வயித்துக்குள்ள போனா பிழைக்கவைக்கிறது கஷ்டம்.

சுண்ணாம்பு வாங்குறதுன்னா சில விஷயம். எவ்வளவு போடணும்னு பிஹெச் நம்பரை மட்டும் வச்சு சொல்லமுடியாது, ஒரே 5.3 இருந்தாலும் மணல்சாரிக்கு கொஞ்சம் போதும், களிக்கும் மக்கு நிறைஞ்ச மண்ணுக்கும் பல மடங்கு வேணும், அதனால பரிசோதனைச் சாலையில சுண்ணாம்புத் தேவைன்னு தனியா கேட்டு வாங்குங்க. சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ, நீத்துன சுண்ணாம்பு 74 கிலோ, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 100 கிலோ, மூணுக்கும் ஒரே பலம், விலை பேசும்போது இது தெரிஞ்சிருக்கணும். சுட்டது கண்ணு, தோலை எல்லாம் பொசுக்கும், மேய்ச்சல் நிலத்துக்குக் கல்தூள்தான் பாதுகாப்பு. ஜிப்சம் போட்டா புளிப்பு குறையாது, இதை நிறைய பேரு மாத்திச் செய்றாங்க. மேல தூவிவிட்டுட்டா அது கீழ இறங்க வருஷக்கணக்கு ஆகும், நாலு விரக்கடை மண்ணோட கலக்கணும்.

அந்த வீடியோவுல காட்டாத பாதியும் சொல்லிடுறேன். ஸ்காட்லாந்து மாதிரியே பிரிட்டன்ல இன்னொரு மலைநாடான வேல்ஸ்ல, அபெரிஸ்ட்வித்ல 1919ல ஆரம்பிச்ச பயிர்ப்பெருக்க நிலையத்துல ஸ்டேபிள்டன் குழு மலைப்புல்லை மாத்திக் காட்டுச்சு, உண்மை. ஆனா சுண்ணாம்பு மட்டும் தூவி மாத்தலை. பழைய மெத்தையைக் கிழிச்சு உழுது, பாஸ்பேட் போட்டு, க்ளோவர்ங்கிற பயறுவகைத் தீவனச்செடியும் நல்ல புல்லும் விதைச்சு, வேலி போட்டு மேய்ச்சலைக் கட்டுக்குள்ள வச்சாங்க. இதுல ஒண்ணை விட்டாலும் நார்டஸ் திரும்பிடும், ஏன்னா ஆடு நல்ல புல்லை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு நார்டஸை விட்டுடும், விடப்பட்டது பரவும். இன்னொரு பக்கம், பீட் மேட்டுல காத்து வரட்டும்னு 1960, 70கள்ல அரசாங்க மானியத்தோட ஆயிரக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டுனாங்க. மேய்ச்சல் பெருசா தேறலை, பீட் காய்ஞ்சு அரிச்சுட்டுப் போச்சு, இப்ப அதே வாய்க்காலை அடைச்சுட்டு இருக்காங்க. காத்து முக்கியம்னு நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்க கண்மாய் ஓரத்துல வாய்க்கால் வெட்ட இறங்கிடக்கூடாதுன்னுதான் இதைச் சொல்றேன்.

பள்ளத்துக்கு என்ன செய்யலாம்? முதல்ல அது உங்க பட்டாவா, இல்லை கண்மாய்த் தண்ணி தேங்குற உள்வாயான்னு பாருங்க, உள்வாய்னா கை வைக்காதீங்க. பட்டான்னா தண்ணியோட ஒத்துப்போங்க, வடிக்கிறதுக்குச் செலவு பண்றதைவிட தண்ணிப்புல்லு நட்டு வெட்டிப் போடுறது மேல். வெட்டிப் போடுங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அந்த ஈரத்துல நத்தை இருக்கும், நத்தை வழியா ஈரல் தட்டைப்புழு ஆட்டுக்கு ஏறும், வெளிநாட்டு மலையிலயும் ஈரச்சரிவுல மேயுற ஆட்டுக்கு இதே நோய்தான் பெரிய தொந்தரவு. தண்ணி வத்தி மண்ணு காஞ்சு வெடிக்கிறவரைக்கும் ஆட்டை அங்க இறக்காதீங்க, கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டு முறையா மருந்து கொடுங்க.

மேட்டுக்குத்தான் உங்க உழைப்பு எல்லாம் போகணும். கண்மாய் வண்டல் அடிக்கிறது நம்ம முப்பாட்டன் காலத்து வழி, சரளை மண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை, அனுமதி வாங்கி எடுக்கலாம், உப்பு இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க. அடியில தட்டு இருந்தா உளிக்கலப்பை ஒரு தடவை ஓட்டுங்க. விதைன்னா முயல் மசால் போடுங்க, புளிப்பைத் தாங்குற பயறுவகைத் தீவனம், விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி சுடுதண்ணியில 4 நிமிஷம் போட்டு எடுத்து ராத்திரி பச்சைத்தண்ணியில ஊறவச்சு ஐப்பசி மழைக்கு முன்ன விதைக்கணும். கொழுக்கட்டைப் புல்லு நல்ல புல்லுதான், ஆனா கரைஞ்ச அலுமினியம் அதுக்கு ஆகாது, அதனால சுண்ணாம்பு கலந்த பகுதியில மட்டும் போட்டுப் பாருங்க. குதிரை மசால் உங்க நிலத்துல மேட்டுலயும் வராது, பள்ளத்துலயும் வராது, மேட்டுல புளிப்பு, பள்ளத்துல தண்ணி. செட்டிநாடு கால்நடைப் பண்ணையும் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் பக்கத்துலயே இருக்கு, இதே மண்ணுல வேலை செய்றவங்க, ஒரு நாள் போய்ப் பேசிட்டு வாங்க.

கிடை போடுறதையும் மறக்காதீங்க. ஊர் ஊரா ஆடு ஓட்டிப்போய் மேய்க்கிற கீதாரிங்க வெளியூருக்குக் கிளம்புறதுக்கு முன்ன பேசி ராத்திரிக்கிடை போட்டா புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு மக்கைக் கொடுக்கும், மக்கு வந்தா ஓடு கட்டுறது குறையும், கறையானும் மண்புழுவும் துளை போடும். ஆனா பெருமழை பெய்ஞ்ச ஈரத்துல ஆட்டை விடாதீங்க, சின்னக் குளம்புதான், ஆனா நூறு ஆடு மிதிச்ச ஈரமண்ணு காய்ஞ்சா சிமெண்ட் தரை மாதிரி ஆயிடும், வெயில் ரெண்டு மூணு நாள் அடிச்சு மண்ணு புட்டு மாதிரி உதிர்ற பதத்துக்கு வந்தப்புறம் விடுங்க.

பள்ளத்துல சுண்ணாம்பு வீண், மேட்டுல புளிப்பு இருந்து மண்ணோட கலந்தா பலன் உண்டு, இந்த ரெண்டையும் நான் தைரியமா சொல்வேன். ஆனா உங்க மேட்டுல ஊசிப்புல்லு மட்டும் நிக்கிறதுக்குப் புளிப்பு எத்தனை பங்கு, ஓடும் தட்டும் எத்தனை பங்கு, இத்தனை வருஷம் கண்டபடி மேய்ச்சது எத்தனை பங்குன்னு இங்க உக்காந்துக்கிட்டு சொல்லமுடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. மேட்டுல ஒரே மாதிரி எடமா பார்த்து பத்தடிக்குப் பத்தடி நாலு பாத்தி, சுத்தி முள்ளு அடைச்சு ஆடு நுழையாம பண்ணுங்க. ஒண்ணை அப்படியே விடுங்க, ஒண்ணைக் கொத்தி மட்டும் விடுங்க, ஒண்ணைக் கொத்தி சுண்ணாம்பு கலங்க, ஒண்ணைக் கொத்தி வண்டல் போடுங்க. தை மாசம் நாலையும் போய்ப் பாருங்க. அடைச்சு வச்சதே போதும்னு ஆகிடுச்சுன்னா லோடு காசு மிச்சம். குழி வெட்டுனதும் மண்ணு நிறம், தண்ணி இறங்குன நேரம், ஈர மண்ணுலயே எடுத்த பிஹெச், இந்த மூணையும் இங்கேயே எழுதுங்க தம்பி, பார்த்துட்டு மேற்கொண்டு சொல்றேன்.